மஞ்சள் விளக்கும் ஒட்டுப்பொட்டும்: ஒரு பன்முக நோக்கு

இவ்வாய்வின் களம் நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு. ஆய்வுப்பொருள், என் மாமாவின் காரில் ஸ்பீடாமீட்டருக்குக் கீழே எரியும் ஒரு மஞ்சள் விளக்கு. அளவு, துவரம் பருப்பு. வடிவம், இன்ஜின் என்பது கையேட்டின் பாடம். கொண்டை வைத்த கோழி என்பது அத்தையின் பாடம். கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் பின்னதே நிலைபெற்றது.

கார் வெளிநாட்டு ஹைபிரிட். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் பிடித்தது. பெட்ரோலிலும் ஓடும், கரண்டிலும் ஓடும், சில நாள் இரண்டிலும் ஓடாது (மாமா, வாய்மொழி).

விளக்கு மூவகைப்படும்: மின்னி மறைவது, மினுக்கிக்கொண்டே இருப்பது, நின்று எரிவது. முதலாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, இன்ஜின் மிஸ்ஸாகி எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது, ஓரங்கட்டு என்று பொருள். நின்று எரிவதே ஆய்வுக்கு ஏற்றது. அது யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

இது குறித்து ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு பழைய நூற்பா கிடைத்தது (நானே எழுதி நானே கண்டெடுத்தது, இத்துறையில் இது புதிதல்ல):

மஞ்சள் ஒளிர்தல் பிணியின் குறியே;
குறியே பிணியெனக் கொள்வாரும் உளரே.

‘கொள்வாரும்’ என்பதிலுள்ள உம்மை எச்சவும்மை. பில் போடுவார் எஞ்சி நின்றனர்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் சொருகியதும் ‘பி0420’ என்று வந்தது. இதைப் பகுபதமாகக் கொண்டு பிரிக்கலாம். ‘பி’ பகுதி: இன்ஜின், கியர் சார்ந்தது. ‘0’ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான குறி என்பதைக் காட்டும் இடைநிலை. ‘4’ புகைக் கட்டுப்பாட்டைச் சுட்டும். ‘20’ விகுதி. சந்தி, சாரியை இல்லை. விகாரம் எஸ்டிமேட்டில் வரும்.

வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்றார்கள். மாமா எந்தத் தொகையையும் முட்டையாக மாற்றித்தான் புரிந்துகொள்வார். 50,000 முட்டை (மாமா, மேற்படி, பேக்கரி பெஞ்சு, இரண்டாம் டீ).

அந்தக் குறி உண்மையில் சொல்வது மிகக் குறைவு. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னது துடித்துக்கொண்டே இருக்கும்; கன்வெர்ட்டர் வேலை செய்தால் பின்னது அடங்கியிருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே துடித்தால், ‘திறன் போதவில்லை’ என்று கம்ப்யூட்டர் எழுதி வைக்கிறது. கன்வெர்ட்டர் செத்திருக்கலாம். சென்சார் பொய் சொல்லலாம். சைலன்சர் ஜாயின்ட்டில் புகை கசியலாம். பண்ணைத் தீவனம் தின்று கொழுத்த எலி வயரைக் கடித்திருக்கலாம். கீழே குனிந்து பார்க்காமல் குறியைப் படித்தே பாகத்தை மாற்றச் சொல்வது, மூலத்தைத் திறக்காமல் உரையிலிருந்து உரைக்கு மேற்கோள் காட்டி முனைவர் பட்டம் வாங்குவதற்கு நிகர். இரண்டிலும் செலவு வேறொருவருடையது.

ஹைபிரிட்டுக்கு இன்னொரு சங்கடம். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். வீட்டிலிருந்து பண்ணை 3 கிலோமீட்டர். பாதி தூரம் கரண்டு. இன்ஜின் இரண்டு நிமிடம் ஓடித் தூங்கிவிடும். கல் காயுமுன் ஊற்றிய தோசைதான்.

விலை ஏன் இவ்வளவு? உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறது. 2021இல் ரோடியம் தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை போனது. இதைக் கேட்ட அத்தை மாமாவைப் பார்த்த பார்வை ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. “இத்தன நாளா நகைய சைலன்சருக்குப் போட்டுட்டுத்தான் சுத்துனீங்களா?”

மறுநாள் காலை அத்தை விளக்கின்மேல் ஓர் ஒட்டுப்பொட்டை ஒட்டினார். “கண்ணக் குத்துது சாமி, நீயே பாரு” என்றார் என்னிடம்.

இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. பொட்டின் நிறம் அரக்கு. குறுக்களவு, விளக்கைவிட அரைச் சுற்று பெரிது. கறுப்புப் பொட்டே விளக்கை முழுதாக மறைக்கும், அரக்குப் பொட்டில் இரவில் விளிம்பு வழியே மஞ்சள் கசியும் என்பது மாமாவின் கட்சி. கறுப்பு திருஷ்டிக்கு உரியது, கோழிக்கு அரக்கே அழகு என்பது அத்தையின் கட்சி (மாமா, மேற்படி, மூன்றாம் டீ, சர்க்கரை வேண்டாம் என்றும் போட்டுவிட்டதால் கோபத்தில் சொன்னது, ஆகவே இப்பகுதி இடைச்செருகல் என்பாரும் உளர்).

பொட்டு மரபு பாமர வழக்கம் என்று ஒதுக்குவோர் உலக வரலாறு அறியாதோர். 2015 செப்டம்பர் 18 அன்று ஃபோக்ஸ்வாகன் மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை குற்றம் சாட்டியது எதற்கு? அதன் டீசல் கார்களின் சாஃப்ட்வேருக்குச் சோதனைக்கூடம் எது, சாலை எது என்று தெரிந்திருந்தது. சக்கரம் ஓடுகிறது, ஸ்டியரிங் திரும்பவில்லை என்றால் இது சோதனை. உடனே புகையை அடக்கிக்கொள்ளும். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல் 40 மடங்கு வரை போகும். உலகம் முழுக்க ஏறக்குறைய 1.1 கோடி கார்கள். தத்துவம் அத்தையினுடையதே. அத்தை ஒரு காரோடு நிறுத்திக்கொண்டார்.

உள்ளூர்ச் சான்றும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை விதி வந்ததிலிருந்து நாமக்கல்லின் புது லாரிகள் டீசலோடு டெஃப் என்னும் திரவமும் குடிக்கின்றன. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தத் தண்ணீர். அதிலிருந்து வரும் அமோனியா புகையின் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதா நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். டெஃப் தீர்ந்தால் விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்காது. டெஃப் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் டப்பா ஒன்றும் சந்தையில் உலவுகிறது. அதை மின்னணுப் பொட்டு எனலாம். (இதே அமோனியா கோழிக் கொட்டகையில் இலவசமாகக் கண்ணைக் கரிக்கிறதே என்பது மாமாவின் நெடுநாள் ஆதங்கம். கோழி கழிப்பது யூரியா அல்ல, யூரிக் அமிலம் என்று மறுத்தேன். “எதுவா இருந்தா என்ன மாப்ள, நாத்தம் ஒண்ணுதானே?” மேலாய்வுக்கு உரியது, அதாவது எனக்குப் பதில் தெரியவில்லை.)

தை மாதம் கரூர் வழியாகப் பழனி போய்வந்தோம். அடுத்த வாரம் ஈரோட்டில் ஒரு கல்யாணம். சித்திரை வெயிலில் பசை இளகிப் பொட்டு கழன்று மாமாவின் மடியில் விழுந்தது. அடியில் விளக்கு எரியவில்லை.

கால ஆராய்ச்சி இங்கே திணறுகிறது. தையில் பொட்டு உள்ளது. சித்திரையில் விளக்கு இல்லை. இடையில் எப்போது அணைந்தது? கண்டவர் இல்லை, பொட்டு மறைத்துவிட்டது. முருகன் என்கிறார் மாமா. பொட்டு என்கிறார் அத்தை. தொடர்ந்து மூன்று ஓட்டத்தில் குறை தென்படாவிட்டால் விளக்கு தானே அணையும். பழனிக்குப் போனது ஒன்று, திரும்பியது இரண்டு, ஈரோடு மூன்று. நெடுஞ்சாலையில் கன்வெர்ட்டர் அப்போதுதான் காய்ந்திருக்கிறது என்று நான் விளக்கினேன். இருவரும் என்னைச் சர்வீஸ் சென்டர்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அத்தை பொட்டை எடுத்தார், நாக்கில் தொட்டார், பழைய இடத்திலேயே அழுத்தினார்.

“அதுதான் எரியலயே அத்தை.”

“இருக்கட்டும் சாமி. எரிஞ்சா?”