பூட்டுக்காரர் பிராமாவும் பிடித்துக்கொண்ட கிளட்சும்

ஜோசப் பிராமா யார்க்ஷையரில் பிறந்த தச்சர். 1778-இல் கக்கூசுத் தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார், 1784-இல் ஒரு பூட்டுக்கு. பூட்டை லண்டன் பிக்காடிலியில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார்கள். பிராமா 1814-இல் போய்ச் சேர்ந்தார், பூட்டு அசையவில்லை. 1851-இல்தான் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 16 நாளில் 51 மணி நேரம் குடைந்து திறந்தார். கம்பெனி கொஞ்சம் தகராறு செய்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தது.

நம் கதைக்கு வேண்டியது அவருடைய இன்னொரு சரக்கு: 1795-இன் ஹைட்ராலிக் பிரஸ். அடைபட்ட தண்ணீரை ஓரிடத்தில் அழுத்தினால் எல்லாப் பக்கமும் அதே அழுத்தம் பாயும் என்று பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்துவிட்டு 39 வயதில் கண்ணை மூடினார். புத்தகம் 1663-இல் வந்தது. அதை வைத்துக் காசு பார்க்க 132 ஆண்டு கழித்து இந்தத் தச்சர் வரவேண்டியிருந்தது.

இனி வில்லன். 1860-களில் ஸ்டீஃபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர், டிரில் பிட்டின் அடிப்பகுதியை லேசான சரிவோடு செய்தார். சரிவு குறைவாக இருந்தால் உரசலே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டேப்பர் என்ற இந்த ஏற்பாட்டில் மாட்டுவது சுலபம். கழற்றுவதா? அது பேரப்பிள்ளைகளின் பாடு.

இனி கிளட்ச். 1958-இல் ஹாலந்தின் வான் டோர்ன், கியரே இல்லாமல் பெல்ட்டில் ஓடும் டாஃப் 600 காரைக் கொண்டுவந்தார். அது முன்னால் போகும் வேகத்திலேயே பின்னாலும் போகும். டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா, ரிவர்ஸ் ரேஸே நடத்தினார்கள்! 1985-இல் மின்னசோட்டாவின் பனிவண்டிக் கம்பெனி போலாரிஸ், நாலு தடி டயர் போட்ட ஏடிவியைப் பெல்ட்டோடு இறக்கியது. அந்தப் பெல்ட்டைச் சுழற்றும் டிரைவ் கிளட்ச் உட்கார்ந்திருப்பது கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில், அதே மாதிரி டேப்பரில்.

சில வருஷம் சேற்றில் ஓடட்டும். கிளட்ச் ஷாஃப்ட்டோடு குடித்தனம் ஆகிவிடும். கிளட்சைக் கழற்றும் புல்லர் போல்ட்டை முறுக்குவார்கள், வராது. ஸ்பேனரில் குழாய் சொருகித் தொங்குவார்கள், வராது. கடைசியில் சுத்தியலால் கிளட்சின் விளிம்பிலேயே ஒரு போடு. அது அலுமினிய வார்ப்பு. விளிம்பு பெயரும், கிளட்ச் மட்டும் வராது.

இந்த இடத்தில்தான் பழைய தச்சர் வருகிறார். வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து, கிளட்சில் புல்லர் போகும் துவாரம் மேலே பார்க்கும்படி வையுங்கள். புல்லரைக் கழற்றி, துவாரம் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்க்காரர் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பைப் புல்லரின் மரையில் இறுக்கமாகச் சுற்றி, மறுபடி உள்ளே முறுக்குங்கள். தண்ணீர் சுருங்காது, டேப் சுற்றிய மரை வழியே தப்பவும் முடியாது. கிளட்சைத்தான் தள்ளும். மரையோரம் கசிந்தால் இன்னும் நாலு சுற்று டேப் போட்டு மறுபடி நிரப்புங்கள். 'டப்' என்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது.

முறுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துவாரத்துக்கு நேரே முகத்தை நீட்டாதீர்கள். திரும்ப மாட்டும்போது, அடுத்த தடவை சுலபமாக வரட்டுமே என்று டேப்பரில் கிரீஸ் தடவும் புத்திசாலித்தனம் வேண்டாம். துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்துத்தான் மாட்டவேண்டும்.