நீலத் தண்ணீர் பாட்டிலுக்குப் பணி நிரந்தரம் கோரி ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, வாசலும் வாசலுக்கு ஒரு கேட்டும் வைத்திருக்கும் பாவத்தைச் செய்த வார்டுவாசிகளின் பணிவான வணக்கம்.

சென்ற வாரம் கேட்டுக்குக் கேட்டு ஒட்டப்பட்ட தங்கள் நோட்டீசைப் படித்துப் புளகாங்கிதம் அடைந்தோம். வீட்டு முன்புறத்தில் நாய்க்கழிவு கிடந்தால் அந்த வீட்டுக்காரருக்கே அபராதம் என்ற முடிவை எட்டுவதற்குத் தாங்கள் எத்தனை இரவு கண் விழித்தீர்களோ! போனது நாயாக இருந்தாலும் கட்டுவது நாங்களாக இருக்க வேண்டும் என்ற தத்துவம் எங்களுக்குப் புதிதல்ல, சொத்து வரி ரசீதிலேயே பழகியதுதான். ஒரே ஒரு மனக்குறை. நோட்டீசு ஒட்ட வந்தவர், பசை தடவ இடைஞ்சலாக இருக்கிறதென்று கேட்டில் கட்டியிருந்த நீலத் தண்ணீர் பாட்டில்களை எல்லாம் அவிழ்த்துச் சாக்கடை ஓரமாக வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்த மாநகரில் நாய்க்கழிவுத் தடுப்புக்கென்று நடைமுறையில் இருக்கும் ஒரே திட்டம் அந்தப் பாட்டில்தான் என்று யாராவது அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

அந்தப் பாட்டிலின் பணிப்பதிவேட்டைத் தாங்கள் பார்த்ததில்லை என்று தெரிகிறது. லேபிள் பாதி கிழிந்த இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில், உள்ளே குழாய்த் தண்ணீர், வேட்டிக்குப் போடும் சொட்டுநீலம் இரண்டு சொட்டு, கழுத்தில் ஒரு சணல். இரவுபகல் பார்க்காமல் வாசலில் நிற்கிறது. ‘சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்’ என்ற பதிலை அதனிடமிருந்து யாரும் கேட்டதில்லை. இடமாறுதல் கேட்டதில்லை, பஞ்சப்படி கேட்டதில்லை. நாய் அதைக் கண்டு பயப்படுகிறதா என்றால், இல்லை. நெய்ட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1989-லேயே சோதித்து எழுதிவிட்டார்கள்: நாயின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் இரண்டே வகை, அதில் ஒன்று நீலத்துக்கானது. அதாவது நாய்க்கு நன்றாகத் தெரியும் நிறங்களில் நீலமும் ஒன்று. பல தெருக்களில் அது நேராக வந்து பாட்டில் மீதே காலைத் தூக்குவதற்கு இதுதான் காரணமா என்பதைத் தங்கள் சுகாதாரப் பிரிவு ஆராயட்டும். ஆக, பாட்டில் வேலை செய்யவில்லை. ஆனாலும் வேலை செய்யாமல் பணியில் இருப்பது ஒரு தகுதிக்குறைவு என்று தங்கள் அலுவலகம் இதுவரை கருதியதில்லை என்பதால்தான் இந்த விண்ணப்பம்.

‘உங்கள் வாசலை நீங்கள் சுத்தம் செய்யாமல் வேறு யார் செய்வது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. கழிவைக் கண்டதும் எடுப்பதில் பயன் இருக்கிறது என்பது அறிவியலும்கூட. நாயின் குடலில் வாழும் டாக்சோகாரா என்ற உருண்டைப்புழு ஒன்று ஒரே நாளில் 2 லட்சம் முட்டை வரை இடும். கழிவோடு வெளியே வந்த அன்றே அந்த முட்டையால் நோய் வராது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் வரும். அப்புறம் அதே மண்ணில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், பிளீச்சிங் பவுடருக்கு அசைந்து கொடுக்காது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் கண்ணைக்கூடப் பாதிக்கும். கொக்கிப்புழு இன்னும் அவசரக்காரன். ஈர மண்ணில் சில நாட்களிலேயே லார்வாவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெறுங்காலோடு வாசல் தெளித்துக் கோலம் போடும் ஊர் இது. ‘சாணி தெளித்த பரம்பரைதானே, இதுவும் மக்கி உரமாகிவிடும்’ என்று தங்கள் அலுவலர்கள் சிலர் ஆறுதல் சொல்கிறார்களாம். புல் தின்னும் மாட்டின் சாணமும் எலும்பும் எச்சிற்சோறும் தின்னும் நாயின் கழிவும் ஒன்றல்ல. அதைச் செடிக்குப் போட்டால் கீரையோடு புழு முட்டையும் சேர்த்துப் பறிக்க வேண்டியதுதான். ஆகவே அன்றன்றே எடுக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். சாம்பலைத் தூவி, அட்டையால் வழித்து, பழைய செய்தித்தாளில் மடித்துக் கையில் பிடித்தாயிற்று. அடுத்து என்ன?

இங்கேதான் தங்கள் நோட்டீசு மௌன விரதம் பூண்டுவிடுகிறது. தெருமுனைத் தொட்டியில் போடலாம் என்றால், ‘குப்பைத் தொட்டி இல்லா நகரம்’ என்று விழா எடுத்துத் தொட்டிகளைத் தூக்கிவிட்டீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கலாம் என்றால், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரி பேக்குக்குத் தடை. வீடு தேடி வரும் வண்டியில் கொடுக்கலாம் என்றால் மக்கும் குப்பையா, மக்காத குப்பையா என்று கேட்கிறார்கள். மக்கும் என்று கொடுத்தால் காய்கறிக் கழிவோடு உரக்கிடங்குக்குப் போகும். மக்காது என்று பொய் சொன்னால் அட்டையும் பாட்டிலும் பிரிப்பவரின் கைக்குப் போகும். மிஞ்சுவது ஒரு வாளித் தண்ணீர். ஊற்றித் தள்ளினால் மழைநீர் வடிகாலில் இறங்கி, அது போய்ச் சேரும் ஏரிக்கோ ஆற்றுக்கோ புழுக்களும் கிருமிகளும் குடிபெயரும். எடுப்பது எங்கள் கடமை. எடுத்ததை வாங்கிக்கொள்வது யார் கடமை? நீலத் தண்ணீர் பாட்டிலிடம் கேட்டோம். தங்கள் அலுவலகத்தைப் போலவே அதுவும் பதில் சொல்லவில்லை.

அடுத்து, அபராதத்துக்குரிய நாயின் உரிமையாளர் யார் என்ற நுட்பமான விஷயம். விடியற்காலை இருட்டில் லேப்ரடாரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டு கேட்டு வரை நடந்து, அது காரியம் முடிக்கும் வரை கைபேசியில் ஆழ்ந்திருக்கும் கனவான்களை நாங்கள் காப்பாற்ற வரவில்லை. அவர்களிடம் தாராளமாக அபராதம் வாங்குங்கள். 1978-ல் நியூயார்க் அதைத்தான் செய்தது: நாயை நடத்தி வருபவரே அள்ள வேண்டும், அள்ளாவிட்டால் தண்டம். எந்த வீட்டின் முன்னால் கிடக்கிறதோ அந்த வீட்டுக்காரரைப் பிடிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை, பாவம். பாரிஸ் மாநகராட்சி வேறு வழியில் போயிற்று. ஷாக் சிராக் மேயராக இருந்த 1982-ல் கழிவை உறிஞ்சும் மோட்டார் சைக்கிள்களைத் தெருவில் இறக்கினார்கள். செலவு தாங்காமல் 2004-ல் நிறுத்திவிட்டார்கள். அவர்களும் நாய் வளர்ப்பவரிடமே தண்டம் வசூலிக்கும் வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டு ஊரும் கண்ட பாடம் ஒன்றுதான், நாய்க்குப் பொறுப்பானவரைப் பிடி.

எங்கள் வாசலில் பெரும்பாலும் வந்து போவது தெருநாய். அதற்குப் பொறுப்பானவர் யார்? 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் குழப்பமே இல்லாமல் சொல்கின்றன. வளர்ப்பு நாய்க்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவை வளர்ப்பவர் பொறுப்பு; தெருநாய்க்கு அதே மூன்றும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. குடற்புழு நீக்கம் என்ற சொல்லைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள், ஐயா. வாசல் மண்ணில் முட்டை விழாமல் இருக்கக் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. ஆக, பொறுப்பானவருக்கே அபராதம் என்று வைத்தால் சீட்டில் எழுத வேண்டிய பெயர் தங்களுடையது. ‘சோறு போடுகிறவர்கள்தான் காரணம்’ என்று பேச்சை மாற்றுவீர்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் கண்ட இடத்தில் சோறு போடக்கூடாது என்றது. அதே உத்தரவில் ஒவ்வொரு வார்டிலும் அதற்கென்று தனி இடம் ஒதுக்கச் சொன்னது உள்ளாட்சி அமைப்புகளிடம்தான். இடத்தைக் காட்டிவிட்டுப் பிறகு அவர்களைத் திட்டுங்கள், நாங்களும் சேர்ந்து திட்டுகிறோம்.

இதுவரை சிரித்தபடி எழுதிவிட்டோம். இனி வருவதை அப்படி எழுத முடியவில்லை. இந்தக் கழிவை உண்மையில் அள்ளுவது நாங்களும் இல்லை, நீங்களும் இல்லை. காலையில் தெருப் பெருக்க வரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அள்ளுகிறார். கிழிந்த கையுறையோடு, பல நாள் அதுவும் இல்லாமல். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்தது. நாயின் கழிவு அதன் வரையறையில் வராது என்பதால், அந்தப் பணியாளரின் கைக்கு எது வந்தாலும் பரவாயில்லை என்று ஊரே முடிவு செய்துவிட்டது. உங்கள் நோட்டீசில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. நாளை அபராதத்துக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் கழிவைத் தங்கள் எல்லையிலிருந்து நடுத்தெருவுக்குத் தள்ளுவார்கள். அதுவும் அவர் கைக்குத்தான் போகும். இதற்குப் பெயர் தூய்மைத் திட்டம் என்றால் வெட்கக்கேடு.

மன்னிக்கவும், நிலைதவறிவிட்டோம். தங்கள் பொற்பாதங்களில் மீண்டும் பணிகிறோம்.

நிதியில்லை என்பீர்கள், கேட்பது பெரிதில்லை. தெருவுக்கு ஒரு மூடி போட்ட தொட்டி, அதைக் காலி செய்ய நீண்ட பிடி வைத்த அள்ளியும் நல்ல கையுறையும், வார்டுக்கு ஓர் ஆழக்குழி. இவை வரும் வரை நீலத் தண்ணீர் பாட்டிலைத் தற்காலிகப் பணியாளராகவாவது அங்கீகரித்து ஓர் அடையாள அட்டை வழங்க வேண்டுகிறோம். மூடி தொலைந்த பாட்டிலில் கொசுப்புழு இருக்கிறதென்று டெங்கு தடுப்புப் பிரிவு தனியாக ஓர் அபராதம் போடும் முன் அதைச் செய்வது உத்தமம்.

வளர்ப்பவருக்கு அபராதம் வையுங்கள், வாசல்காரருக்கான அபராதத்தை ரத்து செய்யுங்கள். கடைசியாக ஒன்று: எங்கள் வார்டின் தெருநாய்களுக்குக் கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதியைத் தெருவாரியாக எழுதி, வார்டு அலுவலகச் சுவரில் எல்லோரும் படிக்கும்படி வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அபராதத்துக்குக் கட்டுப்பட்ட வார்டுவாசிகள்