அட்டையாறு கடந்த அண்ணல்

பெரியோர்களே, தாய்மார்களே, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருந்தாலும் தவறாமல் விழாவுக்கு வந்திருக்கும் குடியிருப்பு நண்பர்களே!

நம் நலச் சங்கம் இதுவரை பலருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறது. கோடையில் தண்ணீர் லாரியை வரவழைத்தவருக்குப் போர்த்தினோம். அந்த லாரியை வாசலில் மறித்தவருக்கும் மனம் கோணாமல் இருக்கப் போர்த்தினோம். இன்று அகத்தியர் மலைக்கு மூன்று நாள் நடைப்பயணம் போய்த் திரும்பிய சி பிளாக் அண்ணனின் முறை. கூடப் போனவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். அண்ணனின் பெருமை முழுவதையும் அறிந்தவன் நான். அதில் ஒரு பகுதியைச் சுமந்தவனும் நானே. அவருடைய இரண்டாவது பையைச் சொல்கிறேன்.

அந்த மலையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தாமிரபரணி பிறக்கும் பொதிகைத் தொடரில், கேரளத்தின் நெய்யாறு சரணாலயப் பக்கம் நிற்கும் சிகரம் அது. உயரம் 1,868 மீட்டர். போனக்காட்டில் நடக்கத் தொடங்கினால் முதல் நாள் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து அதிருமலை முகாமை அடைய வேண்டும். மறுநாள் உச்சிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் வந்த வழியே இறக்கம். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் அனுமதி. இணையத்தில் பதிவு திறந்ததும் இடம் பிடிக்க அடிதடி. அந்த அடிதடியில் அண்ணன் முதல் ஆளாக வென்றார். பயணத்துக்காக அண்ணனின் உடம்பில் பயிற்சி பெற்ற ஒரே உறுப்பு ஆள்காட்டி விரல். அது கடைசி வரை அவரைக் கைவிடவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உடல்தகுதிச் சான்று கேட்டார்கள். நாங்கள் மூச்சிரைக்க ஓடிக் காட்டி, ரத்த அழுத்தம் பார்த்து வாங்கினோம். அண்ணனுக்குத் தெரிந்த டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பை மேசையிலிருந்து எடுப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒருவர் மேல் ஒருவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

இரண்டு மாதம் முன்பே நான் அண்ணனிடம் சொன்னேன். “தினமும் எட்டுக் கிலோ அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். ஏறுவதை விட இறங்குவது முக்கியம். இறங்கும்போதுதான் தொடையும் முழங்காலும் முழுப் பாரத்தையும் தாங்கும்” என்றேன். ஏழாம் மாடியில் வசிக்கும் அண்ணன் சிரித்தார். “காலை இப்போதே தேய்த்துவிட்டால் மலைக்கு என்ன மிச்சம் இருக்கும்?” என்றார். அந்த இரண்டு மாதமும் லிஃப்டை விட்டு அவர் பிரியவே இல்லை. ஒரு படிகூடச் செலவழிக்காமல் அத்தனையையும் மலைக்கென்று சேமித்தார். சிக்கனத்துக்கு இனி உதாரணம் தேடி யாரும் வெளியே போக வேண்டாம்.

வெப்பத்துக்கும் அவர் தயாரானார். ஆபீசில் பதினெட்டு டிகிரி, காரில் பதினெட்டு, படுக்கையறையிலும் பதினெட்டு. வெப்பக்காட்டில் நடக்க உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும் என்கிறார்கள். தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வேர்க்க வேர்க்க நடந்தால் வியர்வை சீக்கிரம் வரும், நிறைய வரும், அதில் உப்புக் குறைவாகப் போகும். காட்டின் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருப்பதால் உடம்பு எளிதில் குளிராது. ஆகவே அந்தப் பழக்கம் இரட்டிப்பாகத் தேவை என்கிறார்கள். நாங்கள் அந்த இரண்டு வாரத்தை மொட்டைமாடியில் வீணடித்தோம். அண்ணன் அதே இரண்டு வாரத்தில் மழைக்காடு பற்றி நாற்பது வீடியோ பார்த்தார். ஒன்றில்கூட அவருக்கு வேர்க்கவில்லை.

வாங்கிய பொருட்களைப் பட்டியலிட்டால் விழா நாளைக்கு முடியும். ஆகவே சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நனைந்தால் இரண்டு நாளைக்குக் காயாத கனமான ஜீன்ஸ். பனிமலைக்குப் போகிறவர்கள் போடும் ஜாக்கெட். ஒரு சின்ன ஊருக்கே மின்சாரம் தரக்கூடிய பவர் பேங்க். பதினாலு வேலை செய்யும் கத்தி ஒன்று. அதிலும் கால்நகம் வெட்டும் வேலை இல்லை. ஷூவை டப்பாவிலிருந்து ரயிலில்தான் பிரித்தார். பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகலாமா, மலை என்றால் அகத்தியர் இல்லையா? புது ஷூ அவர் பக்தியை மெச்சி முதல் மூன்று கிலோமீட்டரிலேயே இரண்டு குதிகாலிலும் முத்திரை பதித்தது. இறக்கத்தில் வெட்டாத நகமும் ஷூவின் முனையும் சந்தித்துக்கொண்டதை மூன்றாம் நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போனக்காடு வனத்துறைச் சோதனையில் அண்ணனின் பைதான் அதிக நேரம் கவனிக்கப்பட்டது. காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பது விதி. அண்ணன் கொண்டுவந்த முறுக்கும் மிக்சரும் சிப்ஸும் ஒவ்வொரு பாக்கெட்டாக வெளியே வந்தன. பின்னால் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு மளிகைக் கடைத் திறப்பு விழாவைப் பார்த்த திருப்தியோடு உள்ளே போனார்கள்.

வழியில் அட்டையாறு என்று ஓர் ஆறு. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நாங்கள் நெருக்கமாக நெய்த அட்டைச் சாக்ஸை முழங்கால் வரை இழுத்துக் கட்டினோம். அண்ணன் மெல்லிய பருத்திச் சாக்ஸோடு இறங்கி, அங்கேயே ஒரு ரத்ததான முகாம் நடத்தினார். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறைய விடாது. ஆகவே கொடை, கொடுத்த கை ஓய்ந்த பிறகும் வழிந்தது. லைட்டரைப் பற்றவைத்து அட்டையைச் சுடப் போனார். “சுட்டால் உள்ளே போனதை எல்லாம் காயத்துக்குள்ளேயே கக்கும், நகத்தால் தள்ளினால் போதும்” என்றார் வழிகாட்டி. அண்ணன் வீடியோவில் பார்த்த முறை வேறு. ஆகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கொள்கை என்றால் அதுதான் கொள்கை.

புல்வெளி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்தது. உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை நீட்டினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20.5 கிராம், ஒரே பொட்டலம். “இதெல்லாம் பேதி வந்த குழந்தைக்குக் கொடுப்பது” என்று தள்ளிவிட்டார். வெறும் தண்ணீரையே ஐந்து லிட்டர் குடித்தார். உப்பு எல்லாம் வியர்வையில் போய், தண்ணீர் மட்டும் வயிற்றில் நின்றது. தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு மூன்றும் வரிசையில் வந்து அவரை வணங்கின. கடைசியில் குழந்தைகளுக்கான அதே மருந்தைத்தான் குடித்தார். குழந்தை மனம் அவருக்கு.

அதன் பிறகு ஏழுமடக்கன் தேரி என்ற ஏற்றம். அதையும் தாண்டினால் முட்டிடிச்சான் தேரி. பெயர் வைத்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஏழு மடக்கிலும் அண்ணன் இயற்கையை ரசிக்க உட்கார்ந்தார். மடக்குக்கும் மடக்குக்கும் நடுவிலும் ரசித்தார். நேரம் சரிந்துகொண்டே போனது. மாலையானால் அது யானைகள் நடக்கும் பாதை. வழிகாட்டி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். குழுவில் இருந்த அறுபது வயது அம்மா முதற்கொண்டு எல்லோரும் அண்ணனுக்காக நின்றோம். அவர் ரசித்தார், நாங்கள் பயந்தோம். ஒரு மனிதர் தனியாக எடுத்த முடிவைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அனுபவிக்கும் சமத்துவத்தை அங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் அவர் செய்த தியாகம்தான் இந்த விழாவின் சிகரம். அதிருமலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, உச்சியை எங்களுக்கு விட்டுக்கொடுத்து முகாமிலேயே படுத்துக்கொண்டார். உங்கள் அழைப்பிதழில் “உச்சியைத் தொட்ட” என்று அச்சாகியிருக்கிறது. யாரும் சந்தேகப்பட வேண்டாம். அன்று மாலை என் செல்போனில் உச்சியின் படத்தைக் காட்டினேன். அண்ணன் பெரிதாக்கிப் பார்த்தார். தொட்டது அந்த ஆள்காட்டி விரலேதான்.

இப்போது, இந்த மேடையில் கண்டிக்க வேண்டிய ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வழிகாட்டி. காணி இனத்தவர். மனிதருக்குத் தயாரிப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை. காலில் ரப்பர் செருப்பு. பவர் பேங்க் கிடையாது. காட்டைப் பற்றி ஒரு வீடியோகூடப் பார்த்ததில்லை. “எத்தனை நாள் பயிற்சி எடுத்தீர்கள்?” என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தார். மரியாதைக்காகவாவது ஓரிடத்தில் மூச்சு வாங்கியிருக்கலாம், அதுவும் இல்லை. அண்ணனின் முதல் பையைக் கேட்காமலே தோளில் மாட்டிக்கொண்டார். நன்றி சொல்லிப் புண்ணியம் தேடிக்கொள்ளவும் நமக்கு வாய்ப்புத் தரவில்லை.

இது அந்த இனத்துக்கே உள்ள பழைய குறை. 1987-ல் தாவர ஆய்வாளர்கள் சிலர் இதே மலையில் களைத்து விழுந்தபோது, கூட வந்த காணிகள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சலிக்காமல் நடந்தார்கள். தொந்தரவு பொறுக்காமல் அதைக் காட்டியும் கொடுத்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி. அதிலிருந்து பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று பிறகு ஏற்பாடானது. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த ஒன்றை மேடை போட்டுச் சொல்லத் தெரியாமல் வாயில் போட்டு மென்றவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு எப்படிப் பொன்னாடை கிடைக்கும்? போனக்காட்டில் விடைபெறும்போது அண்ணன் அவர் தோளைத் தட்டி, “நல்ல ஷூ வாங்குங்கள், கால்தான் முக்கியம்” என்று புத்தி சொன்னார். அதற்கும் அவர் சிரித்தார். திருந்துவதாகத் தெரியவில்லை.

நேரமாகிவிட்டது. அண்ணனை மேடைக்கு அழைக்கிறேன். பொறுங்கள், இதற்கு ஐந்து படி இருக்கிறது. அண்ணன் எழுந்திருக்க வேண்டாம். தலைவரே, பொன்னாடையை எடுத்துக்கொண்டு நாமே கீழே இறங்கிவிடலாம்.