முதல் பந்தியும் மூன்று மாதமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஒரு கலியாணத்தின் முதல் பந்தியைத் தவறவிடலாகாது என்ற உத்தம நோக்கத்தோடு நான் காரைச் சற்றே முடுக்கிய வேளையில், சவுக்குத் தோப்பின் நிழலில் துப்பாக்கி போன்றதொரு கருவியுடன் நின்றிருந்த போலீஸ்காரர், என் வேகத்தை எனக்கு முன்பாகவே அறிந்துகொண்டார். (அன்று கிடைத்ததோ மூன்றாம் பந்தி, ஜாங்கிரி தீர்ந்திருந்தது.) 1,000 ரூபாய் அபராதத்தோடு போயிருந்தால், அதையும் மொய்க் கணக்கில் எழுதிவிட்டு மறந்திருப்பேன். ஆனால், அதிவேகமாகச் செல்பவனுடைய லைசென்ஸைக் குறைந்தபட்சம் மூன்று மாதம் முடக்கி வைக்கவேண்டுமென்று, உச்ச நீதிமன்றம் நியமித்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015ஆம் வருஷத்திலேயே மாநிலங்களைப் பணித்திருந்தபடியால், ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் ஒன்று வந்து சேர்ந்து, 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று உண்டென்பதை அறுபது வயதுக்குமேல் நான் கற்க நேர்ந்தது. விளக்கம் கேட்டார்கள், பந்தியைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை, லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு முடங்கியது.

இதில் விசித்திரம் என்னவென்றால், சிக்ஷை பெற்றது ஒரு சிறிய அட்டை மாத்திரமே. காரும், சாவியும், குற்றம் புரிந்த வலது காலும் என் வசத்திலேயே இருந்தன. தடைக் காலத்தில் ஓட்டி அகப்பட்டால் 10,000 ரூபாய் என்பது வாஸ்தவந்தான். ஆயினும் அகப்படுவதற்கு மறுபடியும் ஒருவர் தோப்பு நிழலில் நிற்கவேண்டுமல்லவா? உண்மையில் என்னைத் தடுத்தது, சாவியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்த என் மனைவி.

ஆகவே ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொண்டேன். வேகத்தில் அவர் நாற்பதைத் தாண்டமாட்டார். சைக்கிளில் போகிறவர்கள் எங்களை அனுதாபத்தோடு பார்த்துச் சென்றார்கள்.

"கொஞ்சம் மிதியுங்களேன், தம்பி" என்றேன் ஒரு நாள்.

"எனக்கு மூணு மாசம் போச்சுன்னா வீட்ல அடுப்பு எரியாது சார். உங்களுக்கென்ன, என்னை மாதிரி ஒருத்தனை வச்சுக்குவீங்க" என்றார்.

பின் ஆசனத்தில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை. என்னிடம் வந்து சேரவேண்டிய பயம் முழுவதும், ஒரு பாவமும் அறியாத அவரிடம் போய்க் குடியேறியிருந்தது. இச்சட்டத்தால் பிரயோஜனமில்லையென்று அவர் ஓட்டுகிற காரில் அமர்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? நியாயமானதென்று சொல்வதற்கோ அதைவிடக் கூச்சமாக இருந்தது.

மூன்று மாதம் கழிந்து நான் அட்டையை மீட்டு வந்த அன்று, என் மனைவி வழக்கம்போல் அரிசிப் பானைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து, நேராக அந்தத் தம்பியிடம் கொடுத்தாள்.