ஆமென், ஆனாலும் கையில் ஒரு ஸ்பேர்

விசுவாசத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தோதான ஆள் எங்கள் ஸ்ரீமதுரைப் பக்கம் கிடைக்கமாட்டான். வாலிபர் கூட்டமா, வீட்டு ஜெபமா, மைக் இல்லாவிட்டாலும் பேசுவேன். பேசினபடி நடக்கச் சொன்னால்தான் மூட்டு வலிக்கும்.

எல்லாரும் பிரிஸ்டல் ஜார்ஜ் முல்லரைத்தான் பிடிப்பார்கள். அநாதைப் பிள்ளைகள் காலித்தட்டோடு காத்திருக்க, ரொட்டி வந்து கதவைத் தட்டுமே, அந்தக் கதை. நான் கொஞ்சம் படித்தவன் என்று காட்ட வேண்டாமா? நேராக வத்திராயிருப்புக்கு வண்டியை விடுவேன். முல்லரின் மச்சான் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பல் டாக்டர் தொழிலை உதறிவிட்டு இந்தியாவுக்கு வந்தவர். அவரோடு பழகிய நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், மிஷன் சம்பளமே வேண்டாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் ஊழியத்தில் இறங்கிவிட்டார். அவர் காலமானது 1867. அதே வருஷம் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மாள், 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் டோனாவூரில் கண்மூடும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தார், யாரிடமும் காசு கேட்பதில்லை என்ற வைராக்கியத்தோடு. இந்த இடத்தில் எனக்குக் குரல் தழுதழுக்கும். கூட்டம் முடிந்ததும் பொருளாளரை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணா, பெட்ரோல் காசு?" என்பேன்.

நீங்களும் இந்த ஜாதிதான் என்று ஒரு நம்பிக்கை. பைபிளுக்குள் வாக்குத்தத்த அட்டை இருக்கும், அதற்குப் பின்னால் எல்.ஐ.சி. ரசீது இருக்கும். தப்பில்லை. என் பைபிளில் ரசீது மட்டும்தான் பக்க அடையாளம்.

2019 ஆகஸ்ட் மழை ஞாபகம் இருக்கிறதா? எட்டாம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. எங்கள் கூடலூர்ப் பக்கமும் அப்போது நனைந்து நாறிக்கிடந்தது. வானம் இருட்டினதுமே நான் கடைக்கு ஓடிப்போய் பிரெட், பால் பவுடர், மெழுகுவர்த்தி என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவந்தேன். மறுநாளைக்கென்று எடுத்துவைத்த மன்னாவில் புழு வைத்த கதையை ஞாயிறு பள்ளியில் நடத்துகிறவனே நான்தான். பிரெட்டில் புழு வைக்கவில்லை. பச்சையாகப் பூசணம்தான் பூத்தது.

கரண்ட் போன ராத்திரி பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் குடையோடு வந்தார். "தம்பி, ஒரு மெழுகுவர்த்தி கிடைக்குமா? கடையில சுத்தமா இல்ல." நான் தாராளமாக இரண்டை எடுத்துக் கொடுத்து, "ஆண்டவர் கொடுத்ததா நெனச்சுக்கங்க சேட்டா" என்றேன். அவர் பார்வை எனக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிக்குப் போயிற்று. "ஸ்தோத்திரம்" என்றார். "கடையில ஏன் தீர்ந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

பச்சைத் தேயிலை விஷயத்திலும் என் கணக்கு இப்படித்தான். மாதாமாதம் தேயிலை வாரியம் விலை அறிவிக்கும். விலை இறங்கினால், "ஏன் ஆண்டவரே இந்தச் சோதனை?" ஏறினால், நான் போட்ட உரம்.

ஆனால் என் விசுவாசத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் பரணுக்கு வர வேண்டும். முதுமலைக் காட்டை ஒட்டின ஊர். வாழை வைத்தவனுக்குத் தூக்கம் கிடையாது. டார்ச், பட்டாசு, தகரடப்பா, பிளாஸ்கில் கட்டன் சாயா. போன தடவை நேந்திரன் நன்றாகத் திரண்டிருந்தது. ஓணத்துக்குக் கேரளாவில் விலை ஏறும், கடனை முடித்துவிடலாம் என்று மனக்கணக்கு. நடுராத்திரி கீழே ஈட்டா மூங்கிலை யானை சடசடவென்று முறிக்கிற சத்தம். டார்ச் அடிக்கக் கை வரவில்லை. ஜெபம் மட்டும் தெளிவாக வந்தது: "ஆண்டவரே, இந்தப் பக்கம் வேண்டாம்."

எனக்கு இந்தப் பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம் சேட்டனுடைய வாழைதான். முல்லரும் அருளப்பனும் இவ்வளவு துல்லியமாக ஜெபித்திருப்பார்களா தெரியாது. என் ஜெபம் சர்வே நம்பரோடு போய்ச் சேர்ந்தது.

விடிந்து பார்த்தால் சேட்டன் தோட்டத்தில் ஒரு மரம் நிமிர்ந்து நிற்கவில்லை. அவர் வனத்துறைக்குக் கொடுக்க போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கூட நின்று 'த்சோ, த்சோ' கொட்டினேன். அது உண்மையான வருத்தம்தான், சத்தியமாக. வேலிக்கு இந்தப் பக்கம் வந்ததும் தார்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரம். என்னால் சும்மா இருக்க முடியுமா? எழுந்து, "என் தோட்டத்தைச் சுற்றி ஆண்டவர் வேலி அடைத்தார்" என்று அதிகம் கேட்டுப் பழகிய ராகத்தில் முடித்தேன். சபையில் அமைதி. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரே ஒரு ஆமென். சேட்டன். அடுத்து அவரே எழுந்தார். யானை வீட்டுச் சுவரைத் தொடவில்லை, உள்ளே பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னைவிடச் சின்ன சாட்சி. ஆனால் சபை முழுக்க அதற்குத்தான் ஆமென் சொன்னது.

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் ஆட்கள் கொண்டுவருகிற முதல்தரச் சரக்கைப் பார்க்க வேண்டுமே. இஞ்சி, குருமிளகு, சேனை, சேவல், ஒரு பாட்டி கொண்டுவந்த இரண்டே இரண்டு முட்டை. நானும் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, ஓணச் சந்தைக்குத் தேறாத ஒரு தாரை வெட்டி எடுத்துவந்தேன். மேல் சீப்பு பரவாயில்லை. கீழே போகப் போக விரல் சைஸ். அந்தப் பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பிவைத்தேன்.

ஏலம் ஆரம்பித்தது. முட்டையே ஆயிரத்தைத் தாண்டிப் போயிற்று, அது எப்போதும் அப்படித்தான். என் தாரைத் தூக்கினார்கள். தூக்கும்போது அது தானாகவே திரும்பிக்கொண்டது. யாரும் வாய் திறக்கவில்லை. நானே கேட்டு நானே எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று யோசிக்கையில், "ஐந்நூறு" என்றது மூன்றாவது பெஞ்ச். யாரோ வீம்புக்கு அறுநூறு என்றார்கள். சேட்டன் எழுநூறு என்றார். சந்தையில் அதற்குப் பாதிகூடக் கிடைக்காது.

"எதுக்கு சேட்டா இவ்வளவு?" என்று பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தேன்.

"பேத்திக்கு சிப்ஸ் போடணும் தம்பி. நம்ம தோட்டத்துலதான் குலை இல்லையே."

அதற்குள் போதகர் மைக்கில் என் பெயரைச் சொல்லி, இந்தத் தாரை மனமுவந்து கொடுத்த சகோதரனுக்காக எல்லாரும் கை தட்டச் சொன்னார். நானும் எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன்.