சேவு தாண்டியாச்சு

சித்தப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. கரண்ட் பில்லை நீட்டினால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "என்னடே, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார். அதே மனிதர் ஓடுகிற பஸ்ஸில் இருந்தபடி, சாக்பீஸில் கிறுக்கிய 'சூடான உளுந்தவடை'யை இருநூறு அடிக்கு முன்பே வாசிப்பார். 'வடை'க்குக் கொக்கி விட்டுப்போயிருந்தாலும் அவரே போட்டுக்கொள்வார்.

இந்த ரகம் ஊருக்கு நாலு பேர் உண்டு. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தை விசிறிவிட்டு, பந்திப் படத்தில் போய் நிற்பார்கள். "ரெண்டு பாயசமா போட்டாங்க?" மாப்பிள்ளை யாரென்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

1935-இல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு வேடிக்கை செய்தார். 'சிவப்பு' என்ற சொல்லை வேறு நிற மையில் அச்சிட்டு, மையின் நிறத்தை மட்டும் சொல்லுங்கள் என்றார். வாய் குழறியது. வேண்டாமென்றாலும் கண் சொல்லைப் படித்துத் தொலைக்கிறதே! பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் சாப்பாட்டுச் சொற்களை வைத்துப் பசித்தவர்களிடம் நீட்டியும் பார்த்தார்கள். நல்லவேளை, சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. மை என்ன நிறம் என்றால், தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டிருப்பார்.

விளம்பரப் படங்களில் ஐஸ்கிரீம் உருகாமலிருக்க, மசித்த உருளைக்கிழங்கை உருட்டி வைப்பதுண்டு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"உருளைக்கிழங்குக்கு என்ன குறை?" என்றார்.

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு வரும்போது மைல்கல் எதுவும் அவர் கண்ணில் படாது. சித்தி போன் போட்டு, "எங்க வந்திட்டிருக்கிய?" என்பாள்.

"சேவு தாண்டியாச்சு. மிட்டாய் இன்னும் வரல."

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் என்று சித்திக்குப் புரிந்துவிடும். உலையில் அரிசி போட நேரம் கணக்காகச் சொல்வாள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "எனக்கு அது எப்பவுமே ஊர்ப்பேருதான்" என்று சித்தப்பா அலட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் பேரனோடு கயத்தாறில் இறங்கினார். 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். சிலைப் பக்கம் பையனை நிறுத்திப் படமெடுத்து அனுப்பும்படி சித்தி சொல்லியிருந்தாள். படம் வந்தது. கட்டபொம்மனுக்கு இடுப்புக்கு மேல் இல்லை. பேரனுக்கு ஒரு காது இருந்தது. பின்னால் பஜ்ஜிக்கடைப் பலகை மட்டும் பளிச்சென்று: வாழைக்காய், வெங்காயம், மிளகாய்.