காப்பு கட்டியாச்சு, எர்த்து எங்கடா?

வாடா பேராண்டி. இன்னாது கையில? மாரியம்மனுக்குக் காப்பு கட்டிக்கினியோன்னு பார்த்தேன். ஸ்டாட்டிக் பட்டையாமே! மேசை மேல நீலப் பாய் வேற. நீ ஈயம் வைக்கப் போறியா, நலங்குக்கு உக்காரப் போறியா?

சரி, பட்டையோட வால் எங்க போவுதுன்னு தொட்டுக்கினே வந்தேன். மேசைக் கால்ல முடியுது. மரத்து வழியா கரண்டு எப்படிடா எறங்கும்? சால்ட்ரிங் அயர்னுக்கு மூணு கால் பிளக்கு குடுத்தான். நீ பெரிய காலை ஒடிச்சிட்டு ரெண்டு ஓட்டையில சொருவி வெச்சிருக்க. அந்தப் பெரிய காலுதான்டா எர்த்து! மாப்பிள்ளைய வீட்லயே உட்டுட்டு ஊர்கோலம் வந்துட்டியே.

உன் விரல்ல ஸ்டாட்டிக் சுருக்குன்னு ஒறைக்கணும்னா சுமாரா 3,000 வோல்ட்டு ஏறியிருக்கணும். சில மாஸ்ஃபெட்டுக்கு 100 வோல்ட்டே எமன். உள்ள கேட்டுக்கு அடியில இருக்கிற தோலு அம்புட்டு மெல்லிசு. உனக்குத் தெரியறதுக்குள்ள அதுக்குக் காரியமே முடிஞ்சிருக்கும். சாவலேன்னா இன்னும் வம்பு. அரை உசுரோட ஓடிக்கினே இருந்து, என்னைக்கோ ஒரு நாள் கஸ்டமர் வீட்ல மண்டையப் போடும். அப்ப யாரைத் திட்டுவ? பார்ட்ஸ் வித்தவனையா?

நான் வால்வு ரேடியோ பார்த்த ஆளு. பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா வீட்டுத் திண்ணையில வெறும் ஒடம்போட உக்காந்து பிரிச்சிருக்கேன். வால்வு இதுக்கெல்லாம் அசங்காது. இப்ப வர்ற ஐசி, மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி, தொட்டாலே கோவிச்சுக்குது.

ஏசி எதுக்குடா? பார்ட்ஸுக்கு நல்லதா? சுண்ணாம்பாத்துக் காத்து ஈரத்தோட ஓசியில வருது. அந்த ஈரம் சாமானுங்க மேல படிஞ்சு சார்ஜை மெதுவா வடிச்சுடும். நல்லா காஞ்ச காத்துல கம்பளம் மேல நடந்தா 35,000 வோல்ட்டு வரைக்கும் ஏறுமாம். ஈரக் காத்துல 1,500 தான். நீ ஜன்னலைச் சாத்திட்டு, ஈரத்தைப் பிழிஞ்சு குழாயில சொட்ட விடுற. அதுக்குக் கரண்டு பில்லும் கட்டுற! அதுக்காக, நோணாங்குப்பத்துல பொறந்ததே போதும்னு பட்டையக் கழட்டிடாத. 100க்கே சாவுறதுக்கு 1,500 கொறச்சலா?

வாலை நல்ல எர்த்துல மாட்டு. பட்டை அறுந்தா செம்புக் கம்பியக் கையில சுத்திக்கிற வேலை மட்டும் ஆவாது. பட்டைக்குள்ள 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. தப்பித்தவறி 230 வோல்ட்டுல கை பட்டா, ஒடம்பு வழியா கால் மில்லி ஆம்பியர் கூடப் போவாம பிடிச்சு வெக்கிறது அதுதான். வெறும் கம்பின்னா நீயே ஃபியூஸு.

அது சரி, ஐசியெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சுல குத்தித்தானே வந்துச்சு? அதைப் பிடுங்கி வெள்ளைத் தெர்மோகோல்ல ஏன் நட்டு வெச்சிருக்க? பார்க்க அழகா இருக்கா? சார்ஜுக்குப் பொறந்த வீடுடா அது. எடு, அந்தத் தெர்மோகோல் பெட்டியை இப்படிக் குடு. ஆயா எறா வாங்கியாரச் சொல்லிச்சு, ஐஸ் போட்டுக்கினு வரேன்.